எழுவான்கரை வீட்டில் ஒரு வேலை அறை

வீட்டில் இருந்து வேலை செய்ய அறை ஒதுக்குபவர்கள் முதலில் கதிரை வாங்கத்தான் ஓடுவார்கள். எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு, கல்முனை போன்ற ஊர்கள் இருக்கும் வாவிக்குக் கிழக்கான கடலோரப் பக்கத்தில், கதிரையைக் கடைசியாகப் பார்க்கலாம். வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் கரண்டுக்கும் வழி செய்யாத அறையில், எவ்வளவு விலைகூடிய கதிரையிலும் மத்தியானம் தாண்டி இருக்க ஏலாது.

மேசையைத் தெற்குச் சுவரைப் பார்த்துப் போடுங்கள். கிழக்கு யன்னல் இடப்பக்கம் வரும். வலக்கையால் எழுதுபவருக்குக் கையின் நிழல் தாளில் விழாது, திரையிலும் வெளிச்சம் நேரே அடிக்காது. யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் திரையில் யன்னல்தான் தெரியும். மேற்கு யன்னல் உள்ள அறையைக் கூடுமானவரை தவிருங்கள். இரண்டு மணிக்குப் பிறகு வெயில் உள்ளே இறங்கும், கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் அனலும் தூசியும் கூடவே வரும். வேறு அறை இல்லையென்றால் யன்னலுக்கு வெளிப்புறம் பழைய பன்பாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரைச்சீலை வெளிச்சத்தைத்தான் மறைக்கும். சூடு அதற்கு முன்பே கண்ணாடியைத் தாண்டிவிடும்.

மாரியில் வாடைக்காற்று சாரலைக் கொண்டுவரும். அதனால் மேசை யன்னலில் இருந்து ஒரு மீற்றர் தள்ளியும் சுவரில் இருந்து 10 சென்ரிமீற்றர் விலகியும் நிற்கட்டும். சுவரோடு ஒட்டினால் ஈரமும் கறையானும் பலகைக்கு ஏறும்.

சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் உயரம், பிளாஸ்டிக் கதிரை 42 அல்லது 43. இந்த இரண்டையும் சேர்த்தால் தோள் தூக்கியபடியே தட்டச்சு செய்ய வேண்டிவரும், பின்னேரம் கழுத்து பிடிக்கும். கதிரையில் 5 முதல் 7 சென்ரிமீற்றர் ரப்பர் நுரைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். இலவம்பஞ்சுத் தலையணை ஒரு மணித்தியாலத்தில் அமுங்கிவிடும். முழங்கை மேசை மட்டத்துக்கு வந்ததும் கால் தொங்கினால், காலுக்குக் கீழே இரண்டு செங்கல். மடிக்கணினியை 12 முதல் 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, திரையின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தனி விசைப்பலகை பூட்டுங்கள். விசைப்பலகை வாங்காமல் திரையை மட்டும் உயர்த்துவது பிழையான சிக்கனம்; கழுத்து வலி மணிக்கட்டுக்கு இறங்கும்.

அடுத்தது கரண்ட். மடிக்கணினியின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரல் மெல்லச் சுரசுரத்தால் பெரும்பாலும் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றுக்கும் முன் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த்தையும், மின் கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சையும் சோதிப்பியுங்கள். நீட்டுக் கம்பிப் பலகையை (எக்ஸ்டென்ஷன் கோட்) தரையில் விடாமல் மேசைக்காலில் உயர்த்திக் கட்டுங்கள், வெள்ளம் வருகிற ஊர். அதே பலகையில் இஸ்திரிப்பெட்டியைக் குத்தக்கூடாது. 1000 வாற் அளவிலோ அதற்கு மேலோ இழுத்து முனைகளை உருக்கலாம்.

கரண்ட் போனால் மடிக்கணினிக்குச் சொந்தப் பற்றரி இருக்கிறது, உடனே நிற்பது ரவுட்டர்தான். அதற்கு மட்டும் சிறிய டிசி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி, போதும். வாங்குமுன் ரவுட்டரின் அடப்ரரில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 12 வோல்ற்றா, 9 வோல்ற்றா? மாறிக் கொடுத்தால் ரவுட்டர் எரியலாம். பெரிய திரை வைத்திருப்பவருக்கு 650 விஏ யூபிஎஸ் வேண்டும். அதில் பொதுவாக இருக்கும் 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி, 75 வாற் சுமையை அரை மணித்தியாலம் அளவில் தாங்கும். லேசர் பிரின்டரை அதில் பூட்டாதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே வெக்கையில் வைத்தால் பற்றரி சீக்கிரம் செத்துப்போகும்.

இடிமழை நெருங்குமுன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு என்றால் அந்த வயரையும் கழற்றுங்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும். வெளியில் இருந்து வரும் எந்த வயரும் சுவர்த் துளைக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே வளைந்து ஏறட்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், ரவுட்டருக்குள் போகாது.

கல்லடி, ஆரையம்பதி போலக் கடற்கரையை அண்டிய வீடுகளில் பிளக் முள்ளில் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். விட்டால் முள் சூடேறிக் கருகும். கணினியை மூடி வாரக்கணக்கில் வைக்காமல் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். உள்ளே ஏறிய ஈரம் அந்தச் சூட்டில் காயும்.