பழைய அமெரிக்க நிலவரிப் பட்டியல்: சறுக்கும் இடங்கள்

வர்ஜீனியாவில் 1790, 1800 ஆண்டுகளில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு இன்று கிடைப்பதில்லை. கென்டக்கிக்கும் அதே கதிதான். அந்தக் காலத்துக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் வரிப் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் 1782 முதல் அதை ஆண்டுதோறும் எழுதினார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கைவிட ஒருவிதத்தில் இது மேல். ஆனால் எழுதியவருக்குக் கவலை வசூல் மட்டும்தான், குடும்ப வரலாறு அல்ல. பலர் இதை மறந்துவிட்டுத்தான் சறுக்குகிறார்கள்.

நிலவரிப் பட்டியலில் பெயர் இருப்பதால் ஆள் அங்கேயே குடியிருந்தார் என்று முடிவுகட்டக் கூடாது. நிலம் எந்தக் கவுண்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிறதோ அங்கேதான் வரி. ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்தது மவுண்ட் வெர்னன் பண்ணையில். அவருடைய நிலங்களோ பல கவுண்டிகளில் சிதறிக் கிடந்தன. ஆள் எங்கே இருந்தார் என்று தெரிய வேண்டுமானால், தலைவரி, குதிரை, மாடு, அடிமைகள் ஆகியவற்றுக்காகத் தனியாக எழுதிய சொத்துவரிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நிலமில்லாத குத்தகைக்காரரும் அங்கேதான் அகப்படுவார்.

அதேபோல, பெயர் இருப்பதால் ஆள் உயிரோடு இருந்தார் என்றும் சொல்ல முடியாது. வாரிசுகள் பாகம் பிரிக்காதவரை செத்தவர் பெயரிலேயே வரி போய்க்கொண்டிருக்கும். இதனால்தான் ஒரே ஓர் ஆண்டின் பட்டியலை எடுத்துவைத்துக் கதை கட்டுவது ஆபத்து. வரிசையாகப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். உதாரணத்துக்கு, ஒருவர் பெயரில் பல ஆண்டுகள் 300 ஏக்கர் என்று வந்த நிலம், திடீரென்று 200 ஆகிறது. அதே ஆண்டில், அதே குடும்பப் பெயரில் 100 ஏக்கரோடு புதிய ஒருவர் தலைகாட்டுகிறார். மகனுக்குப் பங்கு போயிருக்கலாம். பத்திரம் பதியாத கைமாற்றங்களுக்கு இந்தக் கழித்தல் கணக்குதான் சில சமயம் ஒரே தடயம். தடயம் என்றுதான் சொல்கிறேன்; வரி கட்டிய பதிவு பத்திரம் ஆகாது.

வர்ஜீனியாவில் 1808க்குப் பட்டியலே கிடையாது, அந்த ஆண்டு வரி விதிக்கவில்லை. இது தெரியாமல் 1807ஓடு ஆளைச் சாகடித்துவிடுகிறவர்கள் உண்டு. பிறந்த ஆண்டைக் கணக்கிடும்போதும் கவனம் வேண்டும். ஆண்பிள்ளை சொத்துவரிப் பட்டியலில் ஏறும் வயது தொடக்கத்தில் 21, சில ஆண்டுகளிலேயே 16 ஆகிவிட்டது. எந்த ஆண்டில் எந்தச் சட்டம் என்று பார்க்காமல் கழித்தால் ஐந்து வருஷம் பிசகும்.

சீனியர், ஜூனியர் என்று இருந்தால் அப்பா, மகன் என்று நினைப்பது இயல்பு. அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவர், இளையவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. சித்தப்பாவாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் போனதும் ஜூனியரே சீனியராகிவிடுவார்! பெயரை விட்டுவிட்டு ஏக்கர் அளவையும், ஓடையின் பெயர் இருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளுங்கள். 1814 முதல் வர்ஜீனியாவில் நீதிமன்றத்திலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்றும் எழுதினார்கள். அது பெரிய உதவி.

கென்டக்கிப் பட்டியலில் ஒரே பதிவில் மூன்று நான்கு பெயர்கள் வரும். அவர்களைக் கூட்டாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். நிலத்துக்கு முதலில் உரிமை கோரியவர், அளக்க வைத்தவர், அரசுப் பட்டா பெற்றவர் என்று அந்த நிலத்தின் முழு வரலாறும் அந்த ஒரு பதிவில் இருக்கிறது. முதல் பெயரை மட்டும் நகலெடுப்பவர்கள் நல்ல சரக்கை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பணம். பவுண்டு (20 ஷில்லிங்) என்றால் எல்லா இடத்திலும் ஒரே பவுண்டு அல்ல. ஒரு ஸ்பானிய டாலருக்கு வர்ஜீனியாவில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். 100 பவுண்டு நிலம் வர்ஜீனியாவில் சுமார் 333 டாலர், நியூயார்க்கில் 250தான்.

1798இல் பிரான்சோடு போர் மூளும் என்ற பயத்தில் மத்திய அரசு 20 லட்சம் டாலர் நேரடி வரி போட்டது. வீட்டின் நீள அகலம், மாடி, மரமா கல்லா, எத்தனை ஜன்னல் என்று பல ஊர்களில் எழுதிவைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடியானவர்கள் இந்த வரியை எதிர்த்துக் கிளம்ப, அவர்களின் தலைவர் ஜான் ஃபிரைஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1800இல் அதிபர் ஆடம்ஸ் மன்னித்தார். வீட்டுப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வீடே இல்லை என்று நினைக்க வேண்டாம். 100 டாலருக்கு மேல் மதிப்புள்ளவை மட்டுமே அதில் ஏறின. மற்றவை நிலப் பட்டியலுக்குப் போயின. அடிமைகளிலும் 12 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் தலைக்கு 50 சென்ட் வரி. அந்த எண்ணிக்கையை மொத்தம் என்று கொள்ளக் கூடாது.

கடைசியாக ஒன்று: அச்சிட்ட அகரவரிசைத் தொகுப்போடு நின்றுவிடாதீர்கள். வர்ஜீனியாவின் மூலப் பட்டியல்கள் சிலவற்றில் வரிப் பட்டியல் எழுதிய அதிகாரியான கமிஷனர் வந்த தேதி இருக்கும். ஒரே தேதிக்காரர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். 1780களின் சில கவுண்டிப் பட்டியல்களில் அடிமைகளின் பெயர்களும் உண்டு. தொகுப்பவர்கள் பல நேரம் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான்.