விண்டோஸ் 95-இல் ஓடும் நெட்வொர்க் நிரலைக் கம்பைல் செய்வது எப்படி?

விண்டோஸ் 95 வெளிவந்தபோது அதில் இருந்தது வின்சாக் 1.1; நிரல்கள் நெட்வொர்க்கோடு பேச உதவும் விண்டோஸ் லைப்ரரி இது. அது 'டபிள்யூசாக்32' என்ற டிஎல்எல் கோப்பில் (நிரல் ஓடும்போது விண்டோஸ் ஏற்றித்தரும் லைப்ரரிக் கோப்பு) இருக்கிறது. வின்சாக் 2 அதற்குப் பின்னால் தனியாக நிறுவிக்கொள்ளும் கோப்பாக வந்தது. விண்டோஸ் 98-இல்தான் உடன் சேர்ந்தே வந்தது. இன்றைய வழக்கப்படி எழுதிய நிரல் 'டபிள்யூஎஸ்2_32' என்ற புதிய கோப்பைத் தேடும். அது இல்லாத 95 கணினியில் நிரலின் முதல் வரிகூட ஓடாது.

ஆகவே பழைய லைப்ரரியையே பயன்படுத்துங்கள். இதில் இழப்பு குறைவு. டபிள்யூசாக்32 விண்டோஸ் 11-இலும் இருக்கிறது. வரும் அழைப்புகளைப் புதிய லைப்ரரிக்குத் திருப்பிவிடுகிறது.

படி 1: 1998-இல் வந்த விஷுவல் சி++ 6.0-ஐ நிறுவுங்கள். இந்த வேலைக்கு நான் நம்புவது அதைத்தான்.

படி 2: நிரலின் தலைப்பில் 'வின்சாக்' ஹெடரை (லைப்ரரியின் அழைப்புகளையும் மாறிலிகளையும் கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு) சேருங்கள்; 'வின்சாக்2' வேண்டாம். புதிய ஹெடரையும் பழைய லைப்ரரியையும் கலந்தால் கம்பைலர் வாய் திறக்காது, நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கரும் திறக்காது. ஆனால் பாக்கெட்டின் ஆயுளைக் குறிக்கும் 'ஐபி_டிடிஎல்' என்ற மாறிலியின் மதிப்பு பழைய ஹெடரில் 7, புதியதில் 4. பழைய லைப்ரரிக்கு 4 என்றால் மல்டிகாஸ்ட் லூப், அதாவது பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் பாக்கெட் அனுப்பிய கணினிக்கே திரும்ப வரலாமா என்ற அமைப்பு! நீங்கள் ஒன்றை மாற்றச் சொல்ல, அது வேறொன்றை மாற்றிவைக்கும். இப்படிப்பட்ட பிழையைத் தேடி ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன். ஆகவே இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

படி 3: வின்சாக்கைத் தொடங்கிவைக்கும் 'டபிள்யூஎஸ்ஏ ஸ்டார்ட்அப்' அழைப்பில், பதிப்பு 2.2 என்று கேட்காமல் 1.1 என்று கேளுங்கள்.

படி 4: பெயரை முகவரியாக மாற்ற 'கெட்ஹோஸ்ட்பைநேம்' போதும். 'கெட்அட்ரின்ஃபோ' விண்டோஸ் எக்ஸ்பியில்தான் சேர்ந்தது, 'ஐநெட்_பிடான்' விஸ்டாவில். பழைய வழியில் ஐபிவி4 முகவரி மட்டுமே கிடைக்கும். 95-க்கு அதுவே போதுமானது.

படி 5: புராஜெக்ட் மெனுவில் செட்டிங்ஸ், அதில் லிங்க் பக்கம். லைப்ரரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும் பெட்டியில் ஓர் இடைவெளி விட்டு 'டபிள்யூசாக்32.லிப்' என்று சேருங்கள். பிறகு எஃப்7 விசையை அழுத்துங்கள்.

படி 6: 95 கணினிக்குக் கோப்பைக் கொண்டுபோகும் முன், 'டம்ப்பின்' கருவியை 'இம்போர்ட்ஸ்' விருப்பத்துடன் உங்கள் நிரல்மீது ஓடவிடுங்கள். நிரல் எந்தெந்த டிஎல்எல் கோப்புகளை நம்பியிருக்கிறது என்று அது பட்டியலிடும். எளிய கன்சோல் நிரலுக்கு டபிள்யூசாக்32, கெர்னல்32 ஆகிய இரண்டும் இருந்தால் சரி. டபிள்யூஎஸ்2_32 தலைகாட்டினால் இரண்டாம், ஐந்தாம் படிகளைத் திரும்பப் பாருங்கள்.

95 கணினிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. அதை நேரடியாக இணையத்தில் இணைக்காமல், வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்துச் சோதியுங்கள். அங்கே ஓடிய அதே கோப்பை, மறுபடி கம்பைல் செய்யாமல், விண்டோஸ் 11 கணினியிலும் ஓடவிட்டுப் பாருங்கள்.