பழைய கேப் துப்பாக்கி: கைக்கு வந்ததும் செய்யக்கூடாத தவறுகள்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குறி சுடும் போட்டிக்கென்றே கேப் துப்பாக்கிகள் செய்தார்கள். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இறக்கி, குழலின் பின்முனையிலுள்ள சிறு துளைக்குழாயான நிப்பிளில் செம்புக் கேப் மாட்டி, சுத்தியல் என்னும் பாகம் அதை அடித்துப் பொறி கிளப்பச் சுடும் வகை. அப்படியொன்று பெட்டியோடு கிடைத்தால், உள்ளே உருளும் சின்ன இரும்புத் துண்டை எதற்கென்று தெரியாமல் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு இல்லை.

துண்டின் ஒரு முகத்தில் சிறு ஆணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் 'போலி வாய்'. 1840இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஆல்வன் கிளார்க். பின்னாளில் தொலைநோக்கி லென்ஸ் தீட்டிப் புகழ்பெற்ற அதே கிளார்க். குழலைச் சற்று நீளமாகச் செய்து, நுனியை அறுத்து, ஆணிகளால் மறுபடி பொருத்தி, குண்டைச் சுழலவைக்கும் உள்வரியை இரண்டுக்கும் சேர்த்தே வெட்டுவார்கள். குண்டை இறக்கும்போது ஏற்படும் உரசலையெல்லாம் துண்டு வாங்கிக்கொள்ளும். சுடும்முன் அதைக் கழற்றிவிடுவார்கள். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தாலும் குறி தவறும் என்பதால்தான் இத்தனை பாடு. ஒரு குழலில் பிறந்த துண்டு இன்னொன்றுக்குச் சேராது. குண்டு வார்க்கும் அச்சையும் அதேபோல் பிரிக்காதீர்கள்.

அடுத்த தவறு உப்புத்தாள். குழலின் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. கொல்லரே கரைசல் தடவி, மெல்லிய துரு ஏறவிட்டு, தேய்த்து, மறுபடி தடவி, நாள்கணக்கில் வரவழைத்த நிறம் அது. சுத்தியல் பொருந்திய விசைத் தகட்டில் நீலமும் சாம்பலும் மேகம்போல் கலந்திருந்தால் அதையும் தொடாதீர்கள். எலும்புக் கரியோடு அடைத்துச் சூடேற்றி, தண்ணீரில் அமிழ்த்தியபோது படிந்த மெல்லிய படலம் அது. பாலிஷ் போட்டால் போய்விடும், திரும்ப வராது. செந்துரு கண்ணில் பட்டால் எண்ணெய்த் துணியால் ஒற்றியெடுங்கள், போதும்.

கடையில் வாங்கிய திருப்புளியும் வேண்டாம். பழைய திருகாணியின் காடி மயிரிழைபோல் குறுகியது; ஆப்பு வடிவ முனை அதன் விளிம்பைக் கடித்துவிடும். காடிக்கு ஏற்ப அராவிய முனை வேண்டும்.

உள்ளே பார்த்துவிட்டு "வரியே இல்லை, தேய்ந்துவிட்டது" என்று கழித்துவிடுவதும் உண்டு. மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த் செய்த குழலில் வழக்கமான வரிப்பள்ளம் கிடையாது. துளையே அறுகோணம்; அது 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுகிச் செல்லும். 1860 ஜூலையில் விம்பிள்டன் துப்பாக்கி சுடும் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கிவைத்தது அந்தத் துப்பாக்கியால்தான். அன்றைய 400 கெஜ வேட்டு இலக்கின் மையத்தை ஒட்டியே பாய்ந்தது.

இதையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே மருந்து கிட்டித்திருக்கிறதா என்பது. நூறு வருடம் கிடந்த கருமருந்தும் வெடிக்கும். நிப்பிளில் கேப் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வாய்க்கு நேரே முகத்தை வைக்காமல் மரக்குச்சி ஒன்றை மெல்ல உள்ளே விட்டு, அது நிற்கும்போது வாயருகே குறியிடுங்கள். வெளியே எடுத்துக் குழல் மேல் வைத்துப் பார்த்தால் நுனி நிப்பிள் வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்களே தோண்டாமல் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். காலியாக இருந்தாலும் வெறும் நிப்பிள் மேல் சுத்தியலை அடிக்கவிடாதீர்கள், நிப்பிளின் தலை நசுங்கும்.