கோழி எருவை ஓரமா வைங்க: ஆஸ்திரேலியாவுல நேட்டிவ் செடி வளர்க்கிறது எப்படி

சிட்னி, மெல்பர்ன்ல நம்மாளுங்க வீட்டு பேக்யார்டுக்குப் போனா ஒரு கறிவேப்பிலை தொட்டி இருக்கும், முருங்கை இருக்கும், வெயில் காலத்துல வெண்டை கத்தரி எல்லாம் இருக்கும், எல்லாத்துக்கும் மூட்டை மூட்டையா கோழி எரு போயிருக்கும். அதே கையோட பன்னிங்ஸ் கடையில பூ அழகா இருக்கேன்னு ஒரு கிரெவில்லியாவோ பேங்க்ஸியாவோ, அதாவது இந்த நாட்டுக்கே சொந்தமான நேட்டிவ் செடி ஒண்ணு, வாங்கிட்டு வந்து அதே மண்ணுல நட்டு அதே எருவையும் அள்ளிப் போடுவாங்க, கொஞ்ச மாசத்துல அது கருகிப் போயிரும், அப்புறம் "நேட்டிவ் செடி எல்லாம் நமக்கு வராதுங்க"ன்னு ஒரு தீர்ப்பு. வரும்ங்க. நல்லாவே வரும். நம்ம பாசத்த கொஞ்சம் குறைச்சுக்கணும், அவ்ளோதான்.

காரணம் மண்ணுல இருக்கு. இந்த நாட்டு மண்ணு ரொம்ப பழசு, கோடிக்கணக்கான வருஷமா மழையில கரைஞ்சு கரைஞ்சு பாஸ்பரஸ் சத்து பெரும்பாலும் போயிருச்சு. பேங்க்ஸியா, கிரெவில்லியா, ஹேக்கியா, வராட்டா இதெல்லாம் ஒரே குடும்பம், புரோட்டியேசி. இதுங்க அந்த மண்ணுல பிழைக்கிறதுக்காக மண்ணுக்கு மேலாப்புல பிரஷ் மாதிரி நெருக்கமா பொடி வேர் விடும், அதுல இருந்து ஆசிட் கசிஞ்சு மண்ணுல ஒட்டிட்டு இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பரஸையும் கரைச்சு உறிஞ்சிக்கும். பிரச்சனை என்னன்னா நிறைய கிடைச்சா 'போதும்'னு நிறுத்தத் தெரியாது. மாசக்கணக்கா கஞ்சி குடிச்சுப் பழகுன வயித்துக்கு திடீர்னு கல்யாண விருந்து போட்ட கதைதான். புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா தெரியும், அப்புறம் இலை ஓரம் கருகும். ஆரம்பத்துலயே பாத்துட்டா உரத்த நிறுத்திட்டு தண்ணிய நல்லா விட்டு மண்ண அலசி, அயர்ன் கீலேட்ங்கிற இரும்புச் சத்து வாங்கி கரைச்சு ஊத்திப் பாக்கலாம், சில சமயம் தப்பிச்சிடும்.

அதனால கோழி எரு வேண்டாம், மஷ்ரூம் கம்போஸ்ட் வேண்டாம், ரோஜா உரம், தக்காளி உரம் கிட்டயே வரக்கூடாது. உரம் போட்டே ஆகணும்னு கை அரிச்சா 'நேட்டிவ்'னு போட்ட மெதுவா கரையுற உரம் வாங்குங்க, பாக்கெட் பின்னாடி திருப்பி பாஸ்பரஸ் 2 சதவீதத்துக்கு கீழ இருக்கான்னு பாருங்க. வாஷிங் மெஷின் தண்ணிய செடிக்கு விடுறவங்க பவுடர்ல பாஸ்பேட் இல்லையான்னு பாத்துக்கோங்க. எல்லா நேட்டிவ் செடியும் இவ்ளோ முரண்டு பிடிக்காது, பாட்டில்பிரஷ், லில்லி பில்லி எல்லாம் சாதாரண உரத்தையும் தாங்கும். லில்லி பில்லி நம்ம நாவல் மரத்தோட பேரினம்தான், ரெண்டுமே சிசிஜியம், பழமும் தின்னலாம், கொஞ்சம் புளிப்பு துவர்ப்பா இருக்கும். வேலிக்கு வைக்கிறதா இருந்தா இலையில கொப்புளம் கொப்புளமா வரவைக்கிற சில்லிட் பூச்சி தாக்காத ரகமான்னு நர்சரில கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது விஷயம், இதுதான் நிறைய பேர் யோசிக்காதது, நேட்டிவ்னு லேபிள்ல போட்டிருந்தா உங்க தெருவுக்கு நேட்டிவ்னு அர்த்தம் இல்ல. இது ஒரு கண்டம்ங்க. பெர்த் பக்கத்துச் செடிக்கு குளிர் காலத்துல மழை, வெயில் காலத்துல வறட்சி, கால் கீழ மணல், அத கொண்டுவந்து சிட்னியோட புழுக்கமான ஜனவரி மழையில வச்சா வேர் அழுகித்தான் சாகும். பேங்க்ஸியா காக்சினியா போட்டோல பாத்தா கண்ண பறிக்கும், ஆனா அது மேற்கு ஆஸ்திரேலியாக்காரி, கிழக்குப் பக்கம் அத காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். சிட்னில இருக்கீங்களா, அங்கயே மணற்கல் பாறை மேல வளருற பேங்க்ஸியா எரிசிஃபோலியா, ஸ்பைனுலோசா வைங்க. கடற்கரை பக்கம் வீடுன்னா இன்டெக்ரிஃபோலியா, உப்புக்காத்து எல்லாம் அதுக்கு சாதாரணம், ஆனா மரமாவே வளரும், எடம் பாத்துக்கோங்க.

வேற ஊர் கிரெவில்லியாதான் வேணும்னா ஒட்டுக்கட்டுன செடி கிடைக்கும், விலை கூட. அதுக்கு கீழ வேர்ப்பகுதியா பெரும்பாலும் எத வைக்கிறாங்க தெரியுமா, கிரெவில்லியா ரொபஸ்டா, அதாவது குன்னூர் டீ எஸ்டேட்ல நிழலுக்கு நிக்குதே சில்வர் ஓக், அதேதான். ஊட்டி யூகலிப்டஸ், வாட்டில் எல்லாமும் இங்க இருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோனதுதான், அங்க போய் சோலைக்காட்டையும் புல்வெளியையும் முழுங்கி உக்காந்திருக்கு. ஒரு எடத்துல அருமையான செடி இன்னொரு எடத்துல தொல்லையாகும், இந்த நாட்டுக்குள்ளயும் அப்படித்தான், அதனால உங்க கவுன்சில் வெப்சைட்ல லோக்கல் செடி லிஸ்ட் இருக்கான்னு மொதல்ல பாருங்க, சில கவுன்சில் செடிய சும்மாவே குடுக்குறாங்க.

நடுறது எப்போன்னா தெற்குப் பக்க ஊர்கள்ல மார்ச்ல இருந்து மே வரைக்கும், சூடு இறங்கியிருக்கும் மண்ணு இன்னும் கதகதப்பா இருக்கும், அடுத்த வெயில் வர்றதுக்குள்ள வேர் பிடிச்சிரும். டிசம்பர்ல பூவோட இருக்கிற பெரிய தொட்டிச் செடியப் பாத்து மயங்காதீங்க. சின்ன ட்யூப்ல விக்கிற டியூப்ஸ்டாக் வாங்குங்க, விலையும் கம்மி, ரெண்டு வருஷத்துல பெரிய செடிய எட்டிப் பிடிச்சிரும். அடியில திருப்பிப் பாருங்க, வேர் சுத்திச் சுத்தி இறுகிக் கெடந்தா வேண்டாம்.

குழி தோண்டுனதும் முதல்ல தண்ணி ஊத்திப் பாருங்க, மறுநாள் வரைக்கும் தண்ணி நின்னா அது களிமண், அங்க மண்ண ஒரு அடி மேடா குவிச்சு மேட்டு மேல நடுங்க. செடிய நடுறதுக்கு முன்னாடி தொட்டியோட ஒரு வாளி தண்ணில முக்குங்க, முட்டை முட்டையா காத்து வர்றது நிக்கிற வரைக்கும். குழி ரெண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் தொட்டி அளவுதான், குழிக்குள்ள எரு கிரு எதுவும் போடாதீங்க. மேல கரடுமுரடான மரச்சிராய் அஞ்சு ஏழு சென்டிமீட்டர், தண்டுல ஒட்டாம. குச்சி கட்டவேண்டாம், காத்துல ஆடி ஆடித்தான் தண்டு உறுதியாகும்.

தண்ணி விஷயத்துல நம்ம பழக்கம் சாயங்காலம் ஆனா ஹோஸ் எடுத்து எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு நிமிஷம் காட்டுறது. அத விடுங்க. முதல் வெயில் காலம் முடியுற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை, ஆனா வேர் நனையுற மாதிரி நிறுத்தி நிதானமா விடணும், கடும் வெயில் வாரத்துல ரெண்டு தடவை. அதுக்கப்புறம் பெரும்பாலும் மழையே பாத்துக்கும். தொட்டில இருக்கிறதுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, தொட்டி காஞ்சா காஞ்சதுதான்.

பால்கனி மட்டும்தான் இருக்குன்னா நேட்டிவ் பாட்டிங் மிக்ஸ் வாங்கி கொரியா (Correa), ஸ்கேவோலா, பேப்பர் டெய்ஸி, பூ கங்காரு பாதம் மாதிரி இருக்கிற கங்காரு பாவுல குட்டை ரகம், இந்த மாதிரி சின்னச் செடிங்க வைங்க. கங்காரு பாவுல இலை கரி பூசுன மாதிரி கறுத்தா இங்க் நோய், அந்த இலைய வெட்டி எறிஞ்சிருங்க, காத்தோட்டம் குடுங்க, நத்தையும் அதத் தேடி வரும். சமையலுக்கு ஆகுற மாதிரி ஒண்ணு வேணும்னா லெமன் மிர்ட்டில். எலுமிச்சைய விட எலுமிச்சை வாசம் அடிக்கும், ஆனா புளிப்பு கிடையாது, அதனால பால் டீல ஒரு இலை போட்டு கொதிக்க விட்டாலும் பால் திரியாது. மீன் ஆவில வேக வைக்கும்போதும் போடலாம். குளிர் ஊர்ல மெதுவாத்தான் வளரும், பனிக்கு மறைச்சு வைங்க. தளிர்ல பளிச்சுனு மஞ்சப் பொடி தெரிஞ்சா அது மிர்ட்டில் ரஸ்ட், 2010ல இந்த நாட்டுக்குள்ள வந்த பூஞ்சை, தட்டி விட்டு பரப்பாம மாநில விவசாயத் துறைக்கு சொல்லுங்க.

வெட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. பாட்டில்பிரஷ் பூ வாடுனதும் பூவுக்குக் கொஞ்சம் கீழ வெட்டணும், விதைக்காய் கெட்டியாகி கிளையோட ஒட்டுறதுக்கு முன்னாடி. கிரெவில்லியாவ வருஷா வருஷம் லேசா நுனி கிள்ளுங்க, கையுறை போட்டுக்கோங்க, ராபின் கோர்டன் மாதிரி சில ரகம் சிலருக்கு தோல்ல அரிப்பு கொண்டுவரும். எதுக்குமே இலை இல்லாத பழைய கட்டை வரைக்கும் மொட்டையடிக்காதீங்க, பல செடி அதுல இருந்து திரும்ப துளிர்க்காது. விதிவிலக்கு கங்காரு பா, பூத்த தண்ட அடியோட வெட்டலாம்.

ரசிக்கிறதுக்கு கண்ணு பழகணும், அத மறைச்சு பிரயோஜனம் இல்ல. மொத பார்வைக்கு எல்லாம் சாம்பல் பச்சையா, தூசி படிஞ்ச மாதிரி தெரியும். கிட்டப் போங்க. பேங்க்ஸியாவுல நீங்க ஒரு பூன்னு நினைக்கிறது நூத்துக்கணக்குல, சிலதுல ஆயிரக்கணக்குல பொடிப்பூ வரிசையா நிக்கிற கதிர், அத தண்ணில ஊறவச்சு பூர்வகுடி மக்கள் இனிப்பு பானமா குடிச்சிருக்காங்க. மேற்குல நூங்கார்ங்கிற பூர்வகுடி மக்களுக்கு வருஷத்துக்கு ஆறு பருவம், அக்டோபர் நவம்பர்ல வர்ற கம்பராங் பருவத்துலதான் காடு பூத்துத் தள்ளும். இந்த மண்ண நாலு சீசனா பாக்குறத விட அது எவ்வளவோ பொருத்தம்னு எனக்குத் தோணும். நேர்ல பாக்கணும்னா மெல்பர்ன்காரங்க கிரேன்போர்ன் தோட்டம், சிட்னிக்காரங்க மவுண்ட் அன்னான், பெர்த்ல கிங்ஸ் பார்க், செப்டம்பர்ல போங்க, பிடிச்ச செடியோட பேர்ப்பலகைய போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து அப்புறம் நர்சரிக்குப் போங்க.

பறவைக்காக வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. பெரிய பெரிய பூ வைக்கிற ஹைப்ரிட் கிரெவில்லியா மட்டும் வரிசையா வச்சா நாய்ஸி மைனர் கூட்டம் வந்து குடியேறி சின்ன குருவி எல்லாத்தையும் விரட்டி அடிச்சிரும். இது நம்ம ஊர் மைனா இல்ல, பேர் மட்டும்தான் அப்படி, இது இங்கத்திய தேன் குடிக்கிற பறவை. ஃபேரி ரென், ஸ்பைன்பில் மாதிரி சின்னப் பறவை வரணும்னா முள்ளு முள்ளா இருக்கிற ஹேக்கியா, அடர்த்தியான கொரியா மாதிரி புதர் நடுவுல நடுவுல இருக்கணும், பூனை எட்டாத உயரத்துல ஒரு தண்ணித் தட்டும் வைங்க.

நேஷனல் பார்க்ல இருந்து விதை, கிளை எதுவும் பறிச்சிட்டு வராதீங்க, பர்மிட் இல்லாம அது குற்றம். அங்க நடைபாதை ஆரம்பத்துல ஷூ கழுவ பிரஷ் வச்சிருப்பாங்களே, அது ஃபைட்டோஃப்தோராங்கிற வேரழுகல் கிருமி மண்ணோட ஒட்டிப் பரவாம இருக்கத்தான், உள்ள போகும்போதும் தேய்ங்க, வெளிய வரும்போதும் தேய்ங்க, இல்லன்னா அதே மண்ணு உங்க பேங்க்ஸியா அடிக்கே வந்து சேரும்.