தக்காளி முட்டை வதக்கல்: சீன வீடுகளின் அன்றாடக் குழம்பு

சீனாவில் சமையல் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் கற்பது இதைத்தான். மூன்று பேருக்கு 4 முட்டை, நன்கு பழுத்த 400 கிராம் தக்காளி, வெங்காயத்தாள் 2 போதும். இஞ்சி, மிளகாய் எதுவும் வேண்டாம்.

முட்டையில் கால் டீஸ்பூன் உப்பு போட்டு அடியுங்கள். இரும்புச் சட்டியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே முட்டையை ஊற்ற வேண்டும். எண்ணெய் காயாவிட்டால் முட்டை உப்பாது, சட்டியிலும் ஒட்டும். ஓரம் பொங்கியதும் பெரிய துண்டுகளாகப் புரட்டி, முக்கால் பதம் வெந்தவுடன் எடுத்துவிடுங்கள். மீதி வேக்காடு சாற்றில் நடக்கும். இங்கே தாமதித்தால் முட்டை ரப்பராகிவிடும்.

அதே சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, பிறகு தக்காளி. அரை டீஸ்பூன் உப்பை இப்போதே சேர்த்தால் சாறு சீக்கிரம் இறங்கும். மூடி 3 நிமிடம். ஒரு டீஸ்பூன் சர்க்கரையைத் தவிர்க்காதீர்கள். புளிப்பை அடக்குவது அதுதான். நம் நாட்டுத் தக்காளிக்கு ஒன்றரை டீஸ்பூன்கூடத் தேவைப்படலாம்.

சாறு நீர்த்திருந்தால், ஒரு டீஸ்பூன் சோளமாவை (கார்ன்ஃப்ளார்) 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். முட்டையைச் சேர்த்து அரை நிமிடம் புரட்டி, பச்சைத் தாளைத் தூவிச் சூடான சோற்றில் ஊற்றுங்கள். நூடுல்ஸுக்கும் பொருந்தும்.