சம்பளத்தை 65-ஆல் பெருக்குவதற்கு முன்

பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு காதில் விழும். "தம்பிக்கு சிங்கப்பூர்ல 1,200 வெள்ளி. 65-ஆல பெருக்கிப் பாரு, 78,000!" எதிர் பெஞ்சில் இருப்பவர் விடமாட்டார். "அங்க ஒரு டீயே நூறு ரூபாய்ணே, என்னத்த மிஞ்சும்?" இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கணக்குமே தப்பு. (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். அதன் மதிப்பு ஏறி இறங்கும். இங்கே முழுக்க 65 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கணக்குப் போடும்போது அன்றைய மதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதலாமவர், தம்பி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மொத்தச் சம்பளத்தையும் ஊருக்கு அனுப்பிவிடுவான் என்று நினைக்கிறார். இரண்டாமவர், மொத்தத்துக்கும் அங்கேயே டீ குடித்துத் தீர்த்துவிடுவான் என்று நினைக்கிறார். உண்மையில் அந்தச் சம்பளம் இரண்டு பைகளுக்குப் போகிறது. அங்கே செலவாகும் பணம் ஒரு பை. ஊருக்கு வரும் பணம் இன்னொரு பை. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு.

ஊருக்கு வரும் பையைச் சந்தை விலையில்தான் மாற்ற வேண்டும். மன்னார்குடியில் மனை வாங்கும்போது அந்த ஒரு வெள்ளி முழுசாக 65 ரூபாய்தான். அங்கேயே செலவாகும் பையை ரூபாய்க்கு மாற்றுவதில் அர்த்தமே இல்லை. அங்கே வெள்ளியில் சம்பாதித்து வெள்ளியில் டீ குடிப்பவனுக்கு அது ஒன்றரை வெள்ளி டீ, அவ்வளவுதான். நூறு ரூபாய் டீ அல்ல.

இந்த இடத்தில்தான் பொருளியலார் 'வாங்கும் திறன் சமநிலை' என்ற கணக்கைக் கொண்டுவருகிறார்கள். உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச விலை ஒப்பீட்டின்படி, 2017-இல் ஒரு அமெரிக்க டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்கச் சராசரியாக 20.65 ரூபாய் போதும் என்று அந்த ஒப்பீடு சொன்னது. சென்னையில் முடிவெட்டுபவர் நியூயார்க்கில் வெட்டுபவரைவிடக் கைத்திறனில் குறைந்தவர் இல்லை. ஊர்க் கூலி குறைவு, அதனால் ஆள் உழைப்பு அதிகம் தேவைப்படும் எல்லாமே இங்கே மலிவு: முடிவெட்டு, தையல், இஸ்திரி, வீட்டு வேலை. செல்போன், விமான டிக்கெட், பெட்ரோல் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆகவே 20.65 என்பது நாடு முழுவதற்குமான சராசரிக் கூடை. உங்கள் கூடை இல்லை. அதில் சிமென்ட், இயந்திரம், அரசுச் சேவை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பர்கர் விலையை வைத்து ஒரு லண்டன் பத்திரிகை 1986 முதல் நடத்தும் பிக் மேக் குறியீட்டைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் அந்தக் கடைகள் மாட்டிறைச்சி விற்காததால் நமக்கு அதில் கோழி பர்கரைத்தான் வைக்கிறார்கள். வேடிக்கைக்குச் சரி.

சரி, சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு போகிறவருடைய கதை வேறு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (நல்ல சம்பளத்தில் அலுவலக வேலைக்குப் போகிறவர்களுக்கான அனுமதி) இருப்பவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த 6,000-ஐயே எடுத்துக்கொள்வோம். ரூபாயில் 3,90,000, கேட்கவே குளிர்கிறது. வாடகைக்கு 2,800 வெள்ளி. இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு: வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 'மூவறை வீடு' என்பது கூடத்தையும் சேர்த்து எண்ணிய கணக்கு. படுக்கையறை இரண்டுதான். அதைச் சென்னையின் மூன்று படுக்கையறை வீட்டோடு ஒப்பிட்டுவிட்டு, வாடகை இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் இடம் கிடைத்தால் மாதம் ஏறக்குறைய 900 வெள்ளி என்று வையுங்கள். அரசுப் பள்ளி இலவசம் என்பது அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். சாப்பாடு, பேருந்து, ரயில், மின்சாரம், மருத்துவர் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 1,500. வரிக்கு 200. மிச்சம் 600 வெள்ளி. ஊருக்கு வரும் பை இவ்வளவுதான்: 39,000 ரூபாய். இதைச் சென்னையில் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. சென்னையில் மாதக் கடைசியில் மிஞ்சுவதோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த தவறு, பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நம்புவது. நம் ஊர் ஐடி கம்பெனி சொல்லும் சிடிசியில் (ஒரு ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) முதலாளி கட்டும் 12 சதவீதப் பிஎஃப்பும் அடக்கம். கிராஜுவிட்டி, சில இடங்களில் காப்பீட்டு பிரீமியம்கூட உள்ளே ஒளிந்திருக்கும். வெளிநாட்டு ஆஃபர் கடிதத்தில் இருப்பது பெரும்பாலும் வரிக்கு முந்தைய மொத்தச் சம்பளம். சித்தப்பா மகன் போனில் சொல்வதோ கைக்கு வரும் பணம். மூன்றையும் ஒரே வரிசையில் எழுதிக் கூட்டல் கழித்தல் செய்தால் என்ன வரும்?

அரசுப் புள்ளிவிவரமும் இதே பள்ளத்தில் தள்ளும். 2024-இல் சிங்கப்பூரில் முழுநேர வேலையில் இருப்பவர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 5,500 வெள்ளி என்று மனிதவள அமைச்சு வெளியிட்டது. அது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் அடங்கிய எண். அதிலும் முதலாளி கட்டும் மத்திய சேமநிதிப் பங்கு (அந்த ஊர் பிஎஃப்) சேர்ந்திருக்கிறது. 55 வயது வரை அது 17 சதவீதம். ஒர்க் பெர்மிட்டிலோ (கட்டுமானம் போன்ற உடலுழைப்பு வேலைக்கான அனுமதி) எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ போகிறவருக்கு அந்தச் சேமநிதியே கிடையாது. ஆக, அந்த 5,500-க்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. அப்புறம், தனிநபர் வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து அதையே மாதச் சம்பளம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கம்பெனிகளின் லாபமும் அதில்தான் இருக்கிறது என்பதை அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

வேலை நேரத்துக்கு வருவோம். ஜெர்மானியர் ஆண்டுக்கு 1,340 மணி நேரத்தை ஒட்டியும், அமெரிக்கர் 1,800 மணி நேரத்தை ஒட்டியும் உழைப்பதாக ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) அட்டவணை காட்டுகிறது. உடனே, ஜெர்மனியில் வாரத்துக்கு 26 மணி நேரம்தான் வேலை என்று எழுதிவிடுகிறார்கள். முழுநேர வேலை அங்கேயும் வாரம் 35 முதல் 40 மணி நேரம்தான். சராசரியை இறக்குவது பகுதிநேர வேலைக்காரர்களின் பெரிய எண்ணிக்கையும், விடுமுறையும். வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆண்டில் 20 நாள் சம்பள விடுப்பு என்பது ஜெர்மனியின் சட்டக் குறைந்தபட்சம். அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் ஒரு நாள்கூடக் கட்டாயமாக்கவில்லை. இதில் வேடிக்கை, ஒரே நாட்டில் காலப்போக்கில் வரும் மாற்றத்தைப் பார்க்கத்தான் இந்த எண்கள், நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஏற்றவை அல்ல என்று ஓஇசிடியே எச்சரிக்கிறது. அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள்?

டீக்கடைத் தம்பிக்கு இது புத்தகக் கணக்கு இல்லை. அவனுடைய 1,200 வெள்ளி ஒரே துண்டாக வருவதில்லை. அடிப்படைச் சம்பளம் 800 என்று வைப்போம், மீதி ஓவர்டைம். சிங்கப்பூர்ச் சட்டப்படி வாரம் 44 மணி நேரம் வழக்கமான வேலை. மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52-ஆலும் 44-ஆலும் வகுத்தால் மணிக்கூலி 4.20 வெள்ளி வரும். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 6.30. எனில் அந்த 400 வெள்ளிக்கு மாதம் 64 மணி நேரம் கூடுதலாக உழைத்திருக்கிறான். சட்டம் அனுமதிக்கும் உச்சமே 72 மணி நேரம்தான். வழக்கமான வேலையோடு சேர்த்தால் மாதம் மொத்தம் ஏறக்குறைய 254 மணி நேரம். ஊரில் ஒரு தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரம் பார்த்தால் மாதம் 208.

தங்குமிடம் கம்பெனி பொறுப்பு என்று வைத்து, சாப்பாடு, போன் என 250 வெள்ளியைக் கழித்தால் 950 மிஞ்சும். ரூபாயில் 61,750. அந்த வேலைக்குப் போக ஏஜெண்டுக்கு 3 லட்சம் கட்டியிருக்கிறான், அதையும் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறான் என்றால், தொடக்க மாதங்களில் வட்டி மட்டும் 9,000. இரண்டு வருஷத்தில் அசலை அடைக்க மாதம் 12,500. மிச்சம் 40,250. மணிக்கு 158 ரூபாய்.

ஊரில் 20,000 வாங்கி, சாப்பாட்டுக்கு 5,000 போனால் மிச்சம் 15,000, மணிக்கு 72. டீக்கடையில் நான்கு மடங்காகத் தெரிந்தது இரண்டு மடங்கில் வந்து நிற்கிறது. இரண்டு மடங்கும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சைட்டில் ஓவர்டைம் இல்லாத மாதம் ஒன்று வந்தால் 800 வெள்ளியில் 250 போக 550. அதாவது 35,750 ரூபாய். அதில் வட்டியும் அசலும் 21,500. கையில் 14,250.