முதல் முறை புராஜெக்ட் பொறுப்பா? வாயில் தேதி வருவதற்கு முன் செய்ய வேண்டியவை

"இதை நீயே பாத்துக்கோ. எப்ப முடியும்?" என்று முதலாளி கேட்பார். புதிதாகப் பொறுப்பேற்றவர் சட்டென்று "ஒரு மாசத்துல முடிச்சிடலாங்க" என்று சொல்லிவிடுவார். அப்புறம் வரும் மனக்கசப்பில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பதுதான். "ரெண்டு நாள் கொடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்று கேட்டால் மறுக்கிற முதலாளி குறைவு. அந்த இரண்டு நாளில் என்ன செய்வது, தேதி சொன்ன பிறகு ஆட்களை எப்படி நடத்திச் செல்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

கோவையில் ஓர் எலக்ட்ரிகல் மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 வகைச் சரக்கு, குடோனில் ஏறக்குறைய 9,000 பெட்டி. இதுவரை கையால் எழுதிய ஸ்டாக் ரிஜிஸ்டரை பார்கோடு முறைக்கு மாற்ற வேண்டும். பொறுப்பாளர், ஸ்டோர்கீப்பர், பில்லிங் பார்ப்பவர், குடோன் ஆட்கள் இருவர் என மொத்தம் ஐந்து பேர்.

படி 1: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

என்ன செய்யப் போகிறோம், எதைச் செய்யப் போவதில்லை, எவ்வளவு பணம், "முடிந்தது" என்று எதை வைத்துச் சொல்வோம், கடைசியில் கையெழுத்துப் போடுவது யார். இந்த ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும்.

இதில் இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். "வாடிக்கையாளர் பாக்கிக் கணக்கு இதில் வராது, இரண்டாவது கிளை வராது" என்று எழுதி, முதலாளியிடம் படித்துக் காட்டி, ஒப்புதல் வாங்குங்கள். நான்காவதும் எண்ணாக இருக்கட்டும். "சிஸ்டம் நன்றாக ஓட வேண்டும்" என்பது அளவுகோல் ஆகாது. "தினமும் மாலை 20 சரக்கை எடுத்துப் பார்த்தால் சிஸ்டமும் அலமாரியும் ஒத்துப்போக வேண்டும், தொடர்ந்து மூன்று நாள் அப்படி வந்தால் வேலை முடிந்தது" என்றால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

படி 2: வேலையை உடையுங்கள், நாள் போடுங்கள்

வேலை நாள் கணக்கில் எழுதினால் இப்படி வரும்:

அ. சரக்குப் பட்டியலைச் சீர்செய்வது – 10 நாள்
ஆ. லேபிள் பிரிண்டர், ஸ்கேனர் வாங்குவது – 8 நாள்
இ. சாஃப்ட்வேர் அமைப்பது – 6 நாள்
ஈ. பட்டியலை ஏற்றிச் சரிபார்ப்பது – 3 நாள் (அ, இ முடிந்த பிறகு)
உ. லேபிள் அச்சிட்டு ஒட்டுவது – 7 நாள் (ஆ, ஈ முடிந்த பிறகு)
ஊ. ஆட்களுக்குப் பயிற்சி – 3 நாள் (இ முடிந்த பிறகு)
எ. கையிருப்பு எண்ணுவது – 2 நாள் (உ முடிந்த பிறகு)
ஏ. ரிஜிஸ்டரும் சிஸ்டமும் சேர்ந்து ஓடுவது – 10 நாள் (ஊ, எ முடிந்த பிறகு)

இந்த நாட்கள் எங்கிருந்து வந்தன? எண்ணக்கூடிய வேலையை எண்ணியே போடுங்கள். 9,000 பெட்டி, ஒன்றை எடுத்து, துடைத்து, லேபிள் ஒட்டி வைக்க 40 விநாடி. ஆக 100 மணி நேரம். இரண்டு பேர், ஆளுக்கு 7 மணி நேரம் என்றால் 7 நாளும் ஒரு கொசுறும். ஊகத்தை விட்டுவிட்டு முதலில் ஐம்பது பெட்டிக்கு ஒட்டிப் பார்த்து அந்த 40 விநாடி சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ண முடியாத வேலைக்கு மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, மோசமாகப் போனால். பட்டியல் சீர்செய்வதற்கு 7, 9, 17 என்று பதில் வந்தால், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 7 + 36 + 17 = 60; ஆறால் வகுத்தால் 10. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை இது. குடோனுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

பட்டியல் வேலை 17 நாள் வரை ஏன் இழுக்கும்? ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தால் தெரியும். ஒரே ஸ்விட்ச் "6 ஆம்ப் ஸ்விட்ச்", "6ஏ ஒன்வே", "சின்ன ஸ்விட்ச்" என்று மூன்று பெயரில் இருக்கும். வயர் வாங்கும்போது காயில் கணக்கு, விற்கும்போது மீட்டர் கணக்கு. ஒரு காயில் 90 மீட்டர். இதை ஏற்றும்போதே தீர்மானிக்காவிட்டால், ஒரு காயில் விற்றதும் சிஸ்டம் ஒரு மீட்டரை மட்டும் கழிக்கும். இருப்பு மலை மாதிரி தெரியும், அலமாரி காலியாக இருக்கும். பார்கோடு மாற்றம் ஊற்றி மூடிய இடங்களில் மெஷினைக் குறை சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பட்டியல்தான் காரணமாக இருக்கும்.

படி 3: சங்கிலியைக் கண்டுபிடியுங்கள்

மேலே உள்ளவற்றைக் கூட்டினால் 49 நாள். ஆனால் வேலை 49 நாள் ஆகாது. பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் நீளமான வரிசையை மட்டும் கூட்டுங்கள்: அ, ஈ, உ, எ, ஏ. 10 + 3 + 7 + 2 + 10 = 32 நாள். இதற்குப் பெயர் கிரிட்டிக்கல் பாத். இதில் ஒரு நாள் தாமதமானால் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

மற்றவற்றில் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. பிரிண்டர் 13-ஆம் நாள் முடிவில் கையில் இருந்தால் போதும். வாங்க 8 நாள், ஆக 5 நாள் மிச்சம். சாஃப்ட்வேருக்கு 4 நாள் மிச்சம். பயிற்சிக்கு 13 நாள் மிச்சம், ஆனால் சீக்கிரம் முடிப்பதில் பயனில்லை. ஸ்கேனரைத் தொடாமலே இரண்டு வாரம் போனால் சொல்லிக் கொடுத்தது மறந்துவிடும். எண்ணும் நாளுக்கு ஒட்டி முன்னால் வையுங்கள்.

பொறுப்பாளரின் நேரம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தச் சங்கிலிதான் சொல்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தபோது, சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். பொறுப்பில் இருந்த ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதிய கர்டர்கள் (பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) செய்து வரவழைப்பதுதான் நீளமாக இழுக்கிற வேலை. அதற்குக் காத்திராமல் கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டுப் பயன்படுத்தினார்கள். எல்லோரையும் வேகமாக ஓடச் சொல்வதை விட, சங்கிலியின் நீளமான கண்ணியை மாற்றுவது பலன் தரும்.

நம் குடோனில் அப்படி மாற்றக்கூடியது லேபிள் ஒட்டும் வேலை. தினமும் நகரும் சரக்கை முதலில் ஒட்டலாம், அல்லது ஒட்டுவதற்கு மட்டும் இரண்டு தற்காலிக ஆட்களைப் போடலாம். பட்டியல் வேலைக்கு மட்டும் ஆள் சேர்க்காதீர்கள். புதியவருக்கு எந்த ஸ்விட்ச் எது என்று சொல்லித் தருவதிலேயே பழையவரின் நாள் போய்விடும். பேச வேண்டிய ஜோடிகளும் பெருகும்: ஐந்து பேருக்குள் 10 ஜோடி, எட்டுப் பேருக்குள் 28.

படி 4: இப்போது தேதி

32 நாளோடு கடைசியில் 4 நாள் சேர்த்து 36 என்று சொல்லுங்கள். வாரம் ஆறு வேலை நாள் என்றால் ஆறு வாரம். ஒவ்வொரு வேலைக்குள்ளும் இரண்டு நாள் ஒளித்து வைத்தால், கொடுத்த நாள் முழுவதையும் அந்த வேலை தின்றுவிடும். கூடுதல் நாளை ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரிய வையுங்கள்.

எந்த ஆறு வாரம் என்பதும் முக்கியம். ஆடியில் கிரகப்பிரவேசம் குறைவு, எலக்ட்ரிகல் வியாபாரமும் மந்தம். ஜூலை 1-ஆம் தேதி தொடங்கினால் லேபிள் ஒட்டுவதும் எண்ணுவதும் ஆடியில் விழும். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இதைத் தொட வேண்டாம்.

படி 5: ஒரு வேலைக்கு ஒரு பெயர்

"குடோன் டீம் பாத்துக்கும்" என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள். உதவிக்கு நான்கு பேர் இருக்கலாம், பதில் சொல்ல ஒருவர்தான்.

ஸ்டோர்கீப்பர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். இருபது வருடமாக எந்தப் பெட்டி எங்கே என்பது அவர் தலையில்தான் இருக்கிறது. பார்கோடு வந்தால் தனக்கு மதிப்பில்லை என்று அவர் நினைப்பது இயல்பு. வெளியே சொல்ல மாட்டார். பட்டியல் மட்டும் நகராது. முதல் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் போய்ப் பேசுங்கள்: "அண்ணே, எந்தச் சரக்குக்கு எந்தப் பேர்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நீங்க சொல்ற பேர்தான் சிஸ்டத்துல இருக்கும்." இது வெறும் சமாதானப் பேச்சாக இருக்கக் கூடாது. அவர் சொன்ன பெயரையே ஏற்றுங்கள், பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்தையே வாங்குங்கள். அவருடைய வேலைக்கு ஆபத்தில்லை என்பதை முதலாளி வாயால் சொல்ல வைப்பதும் உங்கள் பொறுப்பு. முதலாளி அதைச் சொல்லத் தயங்கினால் நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

படி 6: தினமும் பத்து நிமிடம், நின்றுகொண்டே

காலையில் கடை திறந்ததும். நேற்று எத்தனை, இன்று எத்தனை, எங்கே முட்டுகிறது? "ஆயிருச்சா?" என்று கேட்டால் "ஆயிட்டே இருக்குங்க" என்றுதான் பதில் வரும். "நேத்து எத்தனை பெட்டி ஒட்டினீங்க?" என்று கேளுங்கள். ஏழு நாளில் 9,000 என்றால் நாளுக்கு சுமார் 1,300. இரண்டாம் நாள் மாலை 1,800-தான் ஆகியிருக்கிறது என்றால் அன்றே தெரிந்துவிடும். "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது" என்ற கணக்கே வேண்டாம். முடிந்தது, முடியவில்லை, இரண்டே நிலைதான்.

தாமதம் என்று ஒருவர் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மற்ற மூன்று பேரும் பார்க்கிறார்கள். அங்கே சத்தம் போட்டால் மறுநாளிலிருந்து எல்லாம் நல்ல செய்தியாகவே வரும். கண்டிக்க வேண்டியதைக் கூட்டம் முடிந்து தனியாகக் கண்டியுங்கள்.

படி 7: இடையில் வரும் "அப்படியே இதையும்"

மூன்றாவது வாரம் முதலாளி வருவார்: "அப்படியே கஸ்டமர் பாக்கியையும் இதுல சேத்துரு." முடியாது என்று சொல்ல வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம். "சேக்கலாங்க, ஆறு நாள் கூடும், ஆவணி முகூர்த்தத்துல மாட்டும். இது முடிஞ்சதும் தனியா பண்ணட்டுங்களா?" விலையைச் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள். எந்த முடிவானாலும் முதல் நாள் எழுதிய அந்தத் தாளில் தேதியோடு குறித்துவிடுங்கள்.

கெட்ட செய்தியும் இப்படித்தான். என்ன ஆனது, தேதி எவ்வளவு மாறும், நான் என்ன செய்யப் போகிறேன்: மூன்று வரி, தெரிந்த அன்றே.

படி 8: எண்ணுவது, மாற்றுவது

பிரிண்டர் வாங்கும்போதே ரிப்பன் போடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ரிப்பன் இல்லாத தெர்மல் லேபிள் தகரக் கூரைச் சூட்டில் நாளடைவில் கறுத்தோ மங்கியோ போகும், ஸ்கேனர் படிக்காது.

எண்ணும் இரண்டு நாளும் வரவும் கிடையாது, போக்கும் கிடையாது. அவசர டெலிவரியை முந்தின இரவே தனி மூலையில் எடுத்து வைத்து, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். எண்ணுகிறவர் கையில் ரிஜிஸ்டர் இருப்பு இருக்கக் கூடாது. இருந்தால் அந்த எண்தான் வரும். பத்தில் ஒரு பங்கை வேறொருவர் மறுபடி எண்ணட்டும்.

அடுத்த பத்து நாள் ரிஜிஸ்டரும் சிஸ்டமும் சேர்ந்து ஓடும். மாலையில் 20 சரக்கு: ரிஜிஸ்டர், சிஸ்டம், அலமாரி மூன்றையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எண்ணை மட்டும் திருத்திவிட்டுப் போகாமல், பில் போடாமல் சரக்கு போனதா, காயில்–மீட்டர் குழப்பமா, திரும்பி வந்த சரக்கை ஏற்றவில்லையா என்று காரணத்தை எழுதுங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதற்கென்று ஒரு விதி போட்டுவிடலாம்.

பத்தாவது நாளிலும் மூன்று நாள் தொடர்ந்து ஒத்துவரவில்லை என்றால், ஒதுக்கி வைத்த 4 நாளை எடுப்பது இங்கேதான். ஒத்துவந்ததும் முதலாளியின் கையெழுத்து, பாஸ்வேர்டு யாரிடம் என்ற குறிப்பு, பேக்கப் எடுப்பவர் பெயர், லேபிள் ரோல் தீர்ந்தால் யாரிடம் வாங்குவது என்ற விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் போகட்டும். பழைய ரிஜிஸ்டரைத் தூக்கிப் போடாதீர்கள், ஆடிட்டர் கேட்பார்.